கரிமேட்டில் பிறை தேடிய மாலை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் வானம் என்று ஒன்றை நான் பார்த்ததாக நினைவில்லை. அறுபதுகளின் நடுவில் நாங்கள் அங்கே குடியிருந்தபோது தலைக்கு மேலே இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கூரை, அவ்வளவுதான். மாலையானால் நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் உலைகளின் வெளிச்சம் பட்டு அது சிவந்துபோகும். உம்மா வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் எடுக்கும்போது கறுப்புப் புள்ளிபோட்ட துணியாகத்தான் எடுப்பார். அப்படிப்பட்ட ஊரில், பிறையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெருநாள் கொண்டாடுவேன் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்தார். அவர் என் வாப்பா.

வாப்பா கீழக்கரையிலிருந்து நிலக்கரி ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய வந்தவர். கரியை எரித்து அதிலிருந்து என்னென்ன வருகிறது என்று அளப்பது அவர் வேலை. ஊரில் கரியடுப்போடு தானும் அதைத்தான் செய்ததாகவும், தனக்கு மட்டும் யாரும் டாக்டர் பட்டம் தர முன்வரவில்லை என்றும் உம்மா சொல்லிக்காட்டுவார். ஆய்வுக்கூடத்தில் வாப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. தானே அளந்து பார்க்காத எதையும் எழுதமாட்டார், எவ்வளவு பெரிய பேராசிரியர் சொன்னாலும் சரி. அந்தக் குணத்தை அவர் கோட்டோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

யூசுப் மாமா எங்களுக்கு அறிமுகமானது மளிகைக் கடையில். வாப்பா ஒரு சூப் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பன்றி இருக்கிறதா என்று தன் புத்தக ஜெர்மனில் கடைக்காரம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவர் அதே டின்னைக் காட்டி, மூக்கைச் சுருக்கி உறுமிக் காட்டினார். கடைக்காரம்மாவுக்கு வாப்பாவின் இலக்கணம் புரியவில்லை, மீசைக்காரரின் உறுமல் உடனே புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். அவர் துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி. எங்கள் தெருக்கோடியில் தொழிலாளர் விடுதி ஒன்று இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த துருக்கியர்கள் அதில் அறைக்கு நாலு பேராகத் தங்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் ரமலான் நடுக்குளிரில் வந்தது. யூசுப் மாமா நோன்பு திறக்க அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருவார். உம்மாவின் நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் அவருடைய நாட்டு ரமலானைப் பற்றிச் சொல்வார். ஜெர்மன் தீர்ந்துபோன இடங்களில் கை பேசும். சாயங்காலம் குன்றின்மேல் பீரங்கி வெடிக்குமாம், அதன் பிறகு ஊரே ஒரே நேரத்தில் வாயில் பேரீச்சம்பழம் வைக்குமாம். விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹர் நேரத்தில் தெருத்தெருவாக ஒருவர் முரசடித்து எழுப்புவாராம். பெரிய பள்ளிவாசல்களில் இரண்டு மினாராக்களுக்கு நடுவே கயிறு கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, ஆகாயத்திலேயே எழுத்து எழுதுவார்களாம். பெருநாள் வந்தால் மூன்று நாள் நாடே விடுமுறை. தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட்டு கச்சேரி எல்லாம் அடைப்பு. பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்தால் இனிப்பு கிடைக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆகாயத்தில் விளக்கால் எழுதுகிற நாடு என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் எங்கள் பெருநாளுக்கும் விடுமுறை உண்டு. ஆனால் ஒரு நாடு முழுவதும், ரயில்காரரும் போலீஸ்காரரும் ராணுவமும் சேர்ந்து ஒரே நாளில் பெருநாள் கொண்டாடுவது என்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. என் வகுப்பில் அந்தப் பண்டிகையின் பெயரைக் கேட்டவர்கள் டீச்சரையும் சேர்த்து ஒருவரும் கிடையாது.

ஒரு நாள் யூசுப் மாமா கஞ்சியைக் கூடத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார். மேஸ்திரியிடம் மன்றாடி, பெருநாள் அன்று காலைக்கு மட்டும் எல்லாருக்கும் லீவு வாங்கிவிட்டார்கள். தேவாலயத்துப் பாதிரியார் தன் மண்டபத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். வந்து சேர்ந்து இத்தனை காலத்தில் அவர்களுக்கு இதுதான் முதல் பெருநாள் தொழுகை. எல்லாம் இருக்கிறது, முன்னால் நின்று தொழவைக்க ஆள் இல்லை. சுரங்கத்துக்கு ஆள் எடுத்தவர்கள் தோள்பட்டையைத்தான் பார்த்து எடுத்தார்களே தவிர, யாருக்கு ஓதத் தெரியும் என்று கேட்டு எடுக்கவில்லை.

வாப்பா சிறுவயதில் ஊர் மதரசாவில் ஓதியவர், நல்ல குரல். தயங்கினாலும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து யூசுப் மாமா அவரை ஹோஜா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர்கள் பேச்சில் அது ஓதிக்கொடுக்கிறவருக்குச் சொல்லும் மரியாதைப் பெயர். வாப்பாவுக்கு அதில் கொஞ்சம் கூச்சமும் கூச்சத்தைவிடக் கூடுதலாகப் பெருமையும் இருந்தது.

எந்த நாள் பெருநாள் என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அங்கேதான் வந்தது வினை. துருக்கியில் அரசாங்கமே முன்கூட்டிக் கணக்குப் போட்டுக் காலண்டரில் அச்சடித்துவிடும். யூசுப் மாமா லீவு வாங்கியது அந்தத் தேதிக்கு. எங்கள் ஊர் வழக்கம் வேறு. இருபத்தொன்பது நோன்பு முடிந்த மாலை மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பையும் பிடித்தாக வேண்டும். ரமலானில் ஒரு நோன்பை வேண்டுமென்று விடுவது பெரிய குற்றம். ஆகவே காலண்டர் சொன்ன நாளுக்கு முந்தைய மாலை பிறை தெரியாவிட்டால், மறுநாள் அவர்களுக்குப் பெருநாள், வாப்பாவுக்கு நோன்பு. நோன்பு வைத்திருக்கிற ஆள் எப்படிப் பெருநாள் தொழவைப்பது?

உம்மாவின் கவலை வேறு. பெருநாளுக்கு முட்டை உடைத்து ஊற்றிச் செய்யும் வட்டிலாப்பத்துக்குக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் இல்லாத ஊரில், பீட் கிழங்கிலிருந்து காய்ச்சிய கறுப்புப் பாகையும் மாட்டுப்பாலையும் வைத்து எப்படியோ வித்தை பண்ணக் கற்றிருந்தார்.

"நாளைக்கா, நாளன்னிக்கான்னு தெரியாம நான் எத்தன முட்டைய ஒடைக்கிறது?" என்று கேட்டார்.

"அப்சர்வேஷன் இல்லாம நான் எப்படிச் சொல்றது?" என்றார் வாப்பா.

இருபத்தொன்பதாவது நோன்பின் மாலை, பிறை பார்க்க உயரமான இடம் வேண்டும் என்று வாப்பா கேட்டிருந்ததால் யூசுப் மாமா வந்து எங்களைக் கரிமேட்டுக்கு அழைத்துப் போனார். நிலக்கரியோடு சுரங்கத்திலிருந்து வருகிற கல்லையும் கசடையும் வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி உண்டான மலை அது. ஊரிலேயே உயரமான இடம், யாரும் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். வேலியில் எங்கே ஓட்டை என்று யூசுப் மாமாவுக்குத் தெரியும். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

கீழே தெருவெல்லாம் பனி. மேட்டில் ஏற ஏறப் பனி இல்லை. மண்ணுக்குள் கசடு இன்னும் எரிந்துகொண்டிருப்பதாக வாப்பா சொன்னார். பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலில் சூடு தெரிந்தது. இடுக்குகளில் மெல்லப் புகை வந்தது. ஏறுகிற வழியிலேயே வாப்பா தன் சங்கடத்தை யூசுப் மாமாவிடம் சொல்லிவிட்டார். நம்பத்தகுந்த ஒருவர் பார்த்தேன் என்று சொன்னால்கூடத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், யாருமே பார்க்காமல் தன்னால் முடியாது என்றும் சொன்னார். யூசுப் மாமா என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தார்.

உச்சிக்கு வந்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு நெருப்பை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புகைபோக்கிகள், சில வாய்களில் தீ நாக்கு. சுரங்கக் கோபுரங்களின்மேல் பெரிய பெரிய சக்கரங்கள் சுற்றின. தூரத்தில் உலைக்கசடைக் கவிழ்த்தார்கள், சரிவில் சிவப்பாக ஓடியது, மேகத்தின் அடிவயிறு முழுவதும் சிவந்து அடங்கியது. இதையெல்லாம் மனிதர்களா மூட்டினார்கள் என்று வாப்பாவைக் கேட்டேன். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

வெகுநேரம் நின்றோம். திடீரென்று மேற்கே மேகம் கிழிந்து, பச்சை கலந்த வெளிச்சத்தில் ஒரு கீற்று வானம் தெரிந்தது. மூன்று பேரும் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை இமைக்காமல் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோக் உலைக் கோபுரத்திலிருந்து வெள்ளை ஆவி மலைபோல் எழும்பி, அந்தக் கீற்றையும் மூடிவிட்டது.

"உனக்குத் தெரிஞ்சதாம்மா?"

"இல்ல வாப்பா."

வாப்பா யூசுப் மாமாவைப் பார்த்தார். அந்த மனிதர் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கிய லீவு, பாதிரியாரின் மண்டபம், காத்திருக்கும் அத்தனை பேர், எல்லாம் அவருடைய ஒரு சொல்லில் தொங்கின. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

காலையில் மண்டபத்துக்கு வந்து, வேறு யாரையாவது முன்னால் நிறுத்திக்கொள்ளும்படி தானே எல்லாரிடமும் சொல்லிவிடுவதாக வாப்பா சொன்னார். யூசுப் மாமா அதற்கும் சரி என்றார். வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

விடியுமுன் கரண்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். அடுப்படியில் வாப்பாவும் உம்மாவும் சஹர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் எங்களுக்குப் பெருநாள் இல்லை. நான் அழுததைப் பார்த்துவிட்டு, நோன்பு இல்லாத பிள்ளைக்கு எந்த நாளும் பெருநாள்தான் என்று சொல்லி உம்மா எனக்குப் புதுச்சட்டை போட்டுக் கண்ணுக்குச் சுருமா இட்டார். செய்துவைத்த வட்டிலாப்பத்தையும் தூக்கிக்கொண்டார். நாம் சாப்பிடாவிட்டாலும் அவர்களாவது சாப்பிடட்டும் என்றார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூரையிலிருந்து வண்ணக் காகிதத் தோரணங்கள் தொங்கின. எங்கள் பெருநாளுக்காகப் பாதிரியார் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். அது அடுத்த மாதத்துக் கார்னிவல் திருவிழாவுக்குக் கட்டியது. சுவர் நெடுகக் கோமாளி முகங்களும் இருந்தன. தொழுகிற இடத்தில் அவை கூடாதென்று துருக்கியர்கள் தங்கள் ஓவர்கோட்டுகளையும் தொப்பிகளையும் அவற்றின்மேல் மாட்டியிருந்தார்கள். மக்காவை நோக்கிய கிப்லா திசை மண்டபத்தின் மூலைப்பக்கமாக அமைந்ததால் விரிப்புகள் எல்லாம் தரையின் மரப்பலகைகளுக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்தன. அவற்றின்மேல் வரிசை வரிசையாக ஆண்கள், எல்லாரும் கோட் போட்டு டை கட்டியிருந்தார்கள். அத்தனை பேர் கண்ணிலும் சுருமா. இரவு ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்கள், கண்ணிமையோரத்துக் கரி எவ்வளவு கழுவினாலும் போகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய ஆண்கள் என்னைப் போலவே சுருமா இட்டுக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போயிற்று.

உம்மாவும் நானும் மேடைத் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தோம். பெண்கள் என்று நாங்கள் இருவர்தான். குழந்தை என்று நான் ஒருத்திதான்.

வாப்பா முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் வரிசையிலிருந்து நரைத்த ஒருவர் எழுந்து, மாவுச் சர்க்கரை தூவிய இனிப்புத் தட்டோடு அவரிடம் வந்தார். இந்தப் பெருநாள் தொழுகைக்கு முன் ஏதாவது இனிப்பு சாப்பிட வேண்டும், நோன்பு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே யாரும் இன்னும் சாப்பிடவில்லை. இமாம் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். விஷயம் தெரிந்த யூசுப் மாமா பதறிப்போய் நடுவில் புகுந்து, தட்டை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்.

வாப்பா யூசுப் மாமாவின் தோளைத் தாண்டிக் கையை நீட்டினார். ஒரு துண்டை எடுத்தார். பிஸ்மில்லாஹ் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி வாயில் போட்டு மென்றார்.

என் பக்கத்தில் உம்மா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. நோன்பு என்று சஹர் சாப்பிட்ட மனிதர், பட்டப்பகலில், தாடியில் சர்க்கரை ஒட்ட ஒட்ட மெல்லுகிறார். நான் உம்மாவைப் பார்த்தேன்.  அவர், எங்களுக்கென்று திரைக்குப் பின்னால் வைத்திருந்த இனிப்புத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பாதியை என் வாயில் வைத்து, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

தொழுகை தொடங்கியது. எங்கள் வழக்கத்தில் தொழுகையின் முதல் சுற்றான முதல் ரக்அத்தில், கையை உயர்த்தி அல்லாஹு அக்பர் என்று சொல்லும் தக்பீர் ஏழு, அவர்களுக்கு மூன்று. ஒப்புக்கொண்ட அன்றே யூசுப் மாமா சொல்லி வைத்திருந்தும், மூன்று முடிந்ததும் வாப்பாவின் கை பழக்கதோஷத்தில் நாலாவதுக்கு மேலே போனது. பின்னாலிருந்து யூசுப் மாமா சுரங்கமே அதிரும்படி ஓர் இருமல் இருமினார். கை கீழே வந்தது. பிறகு வாப்பா ஓத ஆரம்பித்தார். வீட்டில் தினமும் கேட்கிற குரல்தான். ஆனால் அங்கே அது எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தபோது மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேரையும் குனியவைப்பவர் என் வாப்பா என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் அவர்களோடு சேர்ந்து குனிகிறவர்தான் என்று தெரிந்தது. அதுதான் இன்னும் பெரிதாகத் தோன்றியது. தொழ வேண்டியதை மறந்து நின்றுகொண்டே இருந்தேன்.

தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஒருவர் எல்லார் கையிலும் வாசனைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். யூசுப் மாமா மேடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய கதைகளிலிருந்தே எனக்குத் தெரியும். முதலில் அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்தேன். அடுத்தவர் கையை நீட்டினார். அதற்கடுத்தவரும். பார்த்தால் மண்டபம் முழுவதும் வரிசையில் நிற்கிறது. கரி புதைந்து நீலமான தழும்புகள் ஓடிய கைகள், விரல் குறைந்த ஒரு கை. ஒவ்வொருவரும் என் சட்டைப் பையில் மிட்டாய் திணித்தார்கள். பை நிறைந்து உம்மாவின் முந்தானையும் நிறைந்தது. ஒருவர் என் தலையில் கையை வைத்துவிட்டு எடுக்கவே மறந்துபோனார். சிலருக்குக் கண்ணீர் வந்தது. வாசனைத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, நான் ஒருவருக்கு ஊதிவிட்டேன்.

வட்டிலாப்பத்தில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாப்பா பனியில் முன்னால் நடந்தார். யூசுப் மாமா விடுதி வாசல்வரை அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். பிரியும்போது வாப்பாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார். வாப்பா வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார். 

அதற்குச் சில நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாப்பா வீட்டில் இருந்தார். நான் நீட்டிய மிட்டாயை வேண்டாம் என்றார். முகம் வாடியிருந்தது. உம்மாவிடம் கேட்டேன்.

"வாப்பா களா நோன்பு வச்சிருக்காங்க."

களா என்றால் எனக்குத் தெரியும். ரமலானில் விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் பிடித்து ஈடுசெய்வது. காய்ச்சல்காரர்களுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் அது இருக்கும், உம்மாவுக்கு வருஷாவருஷம் இருக்கும். வாப்பாவுக்கு எப்படி? அவர் எங்கேயும் போகவில்லை, ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. நேரே அவரிடம் போய் வாதாடினேன். அன்றைக்குப் பெருநாள் என்றால் விட்டுப்போன நோன்பு ஏது? பெருநாள் இல்லை என்றால் இனிப்பு எதற்குச் சாப்பிட்டார்?

"அவங்களுக்குப் பெருநாள்தானேம்மா," என்றார் வாப்பா.

அது பதிலே இல்லை என்று எனக்குப் பட்டது. மேற்கொண்டு கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் பேரீச்சம்பழத்தை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். ஜெர்மன்காரர்களே கூப்பிட்டு வேலை கொடுக்கிற அளவுக்குப் படித்த மனிதர், ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் என்று இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறாரே என்று வாப்பாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.